தீவுத்திடலில் ஒரு பந்தி

சாப்பிடுவதற்கென்று ஒருவன் பாவூர்சத்திரத்திலிருந்து சென்னைக்குப் போகிறான் என்றால் ஊரில் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். எங்கள் ஊர் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் நண்பர், "நம்மூர்க் கத்திரிக்காயை அங்க போய்த் திங்கதுக்கா அண்ணாச்சி, இவ்வளவு துட்டுச் செலவழிச்சுப் போறிய?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் விளைகிற கத்திரி, வெண்டை, வெங்காயம் எல்லாம் எங்கள் மார்க்கெட்டில் வந்து இறங்கி, ஏலம் போய், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்கு லாரி ஏறிவிடுகின்றன. ஓணம் நெருங்கினால் மார்க்கெட்டில் நடக்கவே இடம் இருக்காது. இப்படி ஊருக்கெல்லாம் காய் அனுப்புகிற இடத்தில் குடியிருந்துகொண்டு, சாப்பாட்டைத் தேடி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போவது கொஞ்சம் அசட்டுத்தனம்தான். ஆனாலும் போனேன். தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடித்து, மறுநாள் காலை எழும்பூரில் இறங்கினேன். அது 2022 ஆகஸ்டு 14, ஞாயிற்றுக்கிழமை. சென்னைத் தீவுத்திடலில் 12-ந் தேதியிலிருந்து நடந்துகொண்டிருந்த 'சிங்காரச் சென்னை உணவுத் திருவிழா'வுக்கு அதுவே கடைசி நாள். நடத்தியது தமிழக அரசின் உணவு பாதுகாப்புத் துறை.

புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறோம். சினிமாவுக்கும் சங்கீதக் கச்சேரிக்கும் எழுதுகிறோம். மூன்று நாள் கூடிக் கலைகிற ஒரு சாப்பாட்டுத் திருவிழாவுக்கு எழுதினால் என்ன குறைந்துவிடும்? அதற்கும் ஓர் ஆசிரியர் உண்டு. அவர் சிலவற்றைச் சேர்க்கிறார், சிலவற்றை விடுகிறார், ஒரு வரிசையில் அடுக்குகிறார், முகப்பில் ஒரு தலைப்பை எழுதி மாட்டுகிறார். கவிதைத் தொகுப்புப் போடுகிறவர் செய்கிற காரியம் இதுதான். ஆகவே தொகுப்பைப் பார்க்கிற கண்ணோடுதான் நான் திடலுக்குள் நுழைந்தேன். பக்கத்தில் என் மருமகன், அக்காள் மகன். சென்னையில் வேலை பார்க்கிறான். எந்நேரமும் பசியோடிருக்கிற வயசு.

முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். பசி இல்லாத இடத்தில் சாப்பாட்டு விழா நடத்துவது கஷ்டம். எங்கள் பக்கத்துக் குற்றாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடி மாதத்தில் சாரல் அடிக்கும். பேரருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, பல் கிடுகிடுக்க வெளியே வருகிறவனுக்கு எடுக்கிற பசி வேறெங்கும் எடுக்காது. ஈர வேட்டியோடு நின்றுகொண்டு சுடச் சுட பஜ்ஜி தின்பான். மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்குவான். அங்கிருந்து செங்கோட்டைப் பாதையில் பிரானூர் 'பார்டர்' வரை போய்ப் பரோட்டாவும் கோழியும் முடித்துவிட்டு, மறுபடி குளிக்க வருவான். இதை யாரும் உணவுத் திருவிழா என்று சொல்வதில்லை. ஸீஸன் என்று சொல்லுகிறோம். அங்கே அருவி பசியை உண்டாக்குகிறது, கடைக்காரன் அதைத் தீர்க்கிறான். தீவுத்திடலைச் சுற்றி ஓடுவது கூவம். அந்தக் காரியத்தை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே ஜனங்கள் பெரும்பாலும் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். பொருட்காட்சி காலத்திலிருந்தே சென்னைவாசிகளுக்கு இது பழக்கம். ஒரு டெல்லி அப்பளத்தை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, நாலு மணி நேரம் வேடிக்கை பார்க்க அவர்களால் முடியும். இப்போது அப்பளம் பிடித்த கையில் கைப்பேசியும் இருக்கிறது. தட்டு வந்ததும் படம் எடுக்கிறார்கள். எடுத்து முடிப்பதற்குள் தோசை விறைத்துப் போகிறது.

அடுத்தது, பலகைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் 'பாரம்பரியம்' என்ற சொல் கண்ணில் பட்டது. பாரம்பரியக் கஞ்சி, பாரம்பரிய இனிப்பு, பாரம்பரிய முறுக்கு. ஒரு நாவலில் ஒரே சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தால், ஆசிரியருக்கு விஷயத்தில் நம்பிக்கை போதவில்லை என்று ஊகிக்கலாம். மிளகாய் இந்த மண்ணுக்கு வந்தது போர்த்துகீசியர் வந்த பிறகு. அதற்கு முன் நம்முடைய காரம் மிளகுதான். அல்வா என்ற பெயரே அரபு மொழியிலிருந்து வந்தது. கோதுமைப் பாலைக் கிண்டி எங்கள் ஜில்லாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கைகளும் வடக்கேயிருந்து வந்தவைதான். தாமிரபரணித் தண்ணீர் அதைத் திருநெல்வேலிப் பண்டமாக்கிவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். சொல்லச் சொல்ல நம்பவும் செய்துவிட்டோம். பரோட்டாவோ மைதா மாவைப் பின்தொடர்ந்து நேற்று வந்த பயல். இவற்றையெல்லாம் நான் குற்றமாகச் சொல்லவில்லை. வந்தவர்களை உட்காரவைத்து நம்மவர்களாக்கிக்கொண்டதுதான் நம் சமையலின் பெருமை. அதைச் சொல்ல ஒரு பலகைகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஊர்ப் பெயரோடு ஒட்டிய பண்டத்துக்கு இப்போது சர்க்கார் முத்திரையே உண்டு. புவிசார் குறியீடு என்று பெயர். 2019-ல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் கிடைத்தது. 2020-ல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும், 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்கும் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் கடலைமிட்டாயும் கருப்பட்டியும் பிரயாணம் செய்யத் தெரிந்த பண்டங்கள். பெட்டியில் அடைத்தால் காசி வரைக்கும் போகும். பிரயாணம் தெரியாத பண்டங்களின் கதி வேறு.

சொதி என்று ஒன்று உண்டு. மற்ற ஜில்லாக்காரர்களுக்காகச் சொல்கிறேன். பாசிப்பருப்பு, காய்கறி, தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்பு. கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்தில் அதற்கு முதலிடம். அதனால் மாப்பிள்ளைச் சொதி என்றும் சொல்வோம். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் வேண்டும். தேங்காயை மூன்று தரம் பிழிந்து, மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்கிவிட வேண்டும். இறக்கிய சூட்டோடு இலைக்கு வர வேண்டும். திடலில் ஒரு மூலையில் எங்கள் பக்கத்துப் பெண்மணி ஒருவர் சொதி வைத்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வாங்கிச் சாப்பிட்டேன். பால் திரிந்திருந்தது. நான் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாள் என் பேச்சிலேயே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ராத்திரி மூணு மணிக்குப் பிழிஞ்ச பாலு அண்ணாச்சி. அடுப்பை அணைச்சா ஆறிப்போவுது, எரியவிட்டா திரிஞ்சுபோவுது. வாறவுகளும் ஒரே நேரத்துலயா வாறாவ? நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் எழுதிவிட முடியாது. சொதி ஒரு வீட்டுக்கென்று, ஒரு மணி நேரத்துக்கென்று, எண்ணிக்கை தெரிந்த ஆட்களுக்கென்று உண்டானது. அதைக் காலையிலிருந்து ராத்திரி வரை கொதிக்கவைத்துக்கொண்டிருப்பது, ஒரு சிறுகதையைப் பிடித்து இழுத்துத் தொடர்கதை ஆக்குவதைப்போல. அந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். அதனால் அந்த அம்மாளிடம் இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டேன்.

இத்தனை குறைகளையும் எழுதிக்கொண்டு, திடலின் நடுவில் ஒரு மேஜையோரம் நின்றேன். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் நின்று சாப்பிட்டார்கள். நாற்காலி கிடையாது. ஒருவர் முழங்கை இன்னொருவர் தட்டில் இடிக்கிறது. ஒருவர் ரசவடை, ஒருவர் மீன் வறுவல், ஒரு முக்காடு போட்ட பாட்டி கரண்டியால் குழிப்பணியாரம். மருமகன் தன் தட்டை வைக்க இடம் தேடியபோது, முன்பின் தெரியாத ஒருவர் தம் பாக்குமட்டைத் தட்டை நகர்த்தி, "வைங்க தம்பி" என்றார். சமைத்தவர் யார், பரிமாறியவர் யார், பக்கத்தில் நிற்பவர் யார், ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் கேட்கவும் இல்லை.

இதில் என்ன ஆச்சரியம் என்று இளவட்ட வாசகர்கள் கேட்கலாம். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகிற எங்கள் ரயில் பாதையில் சேரன்மாதேவி என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே வ. வே. சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். தேசபக்தியில் அவருக்கு மிஞ்சியவர் இல்லை. துப்பாக்கியும் தெரியும், கம்பனும் தெரியும். அந்தக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனியே சோறு போட்டார்கள் என்று 1924-ல் கிளம்பிய பேச்சு, வரதராஜுலு நாயுடு, பெரியார் என்று பெரிய தலைகளெல்லாம் மோதிக்கொள்கிற சண்டையாகித் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே ஆட்டி வைத்தது. மறுவருஷம் ஐயர் பாபநாசத்து அருவியில் உயிரிழந்தார். இரண்டு இலை தள்ளிப் போட்டதில் உண்டான விரிசல் அதோடு மூடிவிடவில்லை. 1957-ல்கூட, திருவல்லிக்கேணி ஹோட்டல் ஒன்றின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடந்தது. பந்தி என்பது இந்த நாட்டில் லேசான விஷயமல்ல. அதை நினைத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆயிரக்கணக்கான பேர் யார் கையால் என்று கேட்காமல் வாங்கி, யார் பக்கத்தில் என்று பார்க்காமல் நின்று தின்றுவிட்டுப் போனது சாமான்யக் காரியமா? இந்தத் தொகுப்பின் சிறந்த பகுதி இதுதான். ஆசிரியர் இதைத் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. நல்ல பகுதிகள் பல சமயம் அப்படித்தான் அமைகின்றன.

ஆனால் ஆசிரியர் யோசித்திருக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது.

அதே 2022-ல், மே மாதம், ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்துவதாகத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆம்பூர் பிரியாணிக்கு உலகப் பிரசித்தி. கோழி பிரியாணி உண்டு, ஆட்டுக்கறி பிரியாணி உண்டு, மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்று தெரியவந்தது. அந்த ஊரில் அதைச் சமைப்பவர்களும் உண்பவர்களும் ஏராளம். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் கலெக்டரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மூன்று மாதம் கழித்துச் சென்னையில் அதே கேள்வி மறுபடி கிளம்பியது. கடை போட அப்படி யாரும் கேட்கவில்லை, கேட்டால் கொடுப்போம் என்கிற தோரணையில் பதில் வந்தது. பிறகு மாட்டுக்கறி பிரியாணிக்கும் கடை ஒதுக்கினார்கள். ஒதுக்கியதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆம்பூரைப்போல ஒத்திப்போடாமல், விழா நடக்கும்போதே செய்தார்கள்.

என்றாலும் அந்த முதல் பதில் என் மனசில் முள்ளாக நின்றுகொண்டே இருந்தது. தொகுப்பாசிரியர்களிடம் இதே பதிலை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். "ஏன் ஸார், அவர் கதையை விட்டுவிட்டீர்கள்?" என்றால், "அவர் அனுப்பவில்லையே" என்பார்கள். மற்றவர்களுக்கெல்லாம் இவரே தேடிப்போய்க் கடிதம் எழுதியிருப்பார். அழைக்கப்படுவோம் என்ற நினைப்பே இல்லாதவன் எப்படிக் கேட்பான்? தலைமுறை தலைமுறையாகப் பந்தியில் கடைசியாக நின்றவனிடம், "நீ ஏன் முன்னால் வந்து உட்காரவில்லை?" என்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

மருமகன் அந்தக் கடையைத் தேடிக்கொண்டு போனான். நானும் கூடப் போனேன். நல்ல கூட்டம். அவன் ஒரு தட்டு வாங்கிவந்து என் முன்னாலேயே சாப்பிட ஆரம்பித்துவிட்டு, பாதியில்தான் யோசித்தான்.

"மாமா, நீங்க ஒண்ணும் நினைச்சுக்கலையே? அம்மாட்ட சொல்லிராதிய."

"உன் அம்மை கேட்டால் சொதி சாப்பிட்டான் என்று சொல்கிறேன்" என்றேன்.

நான் சாப்பிடவில்லை. எங்கள் வீடு சைவம். சில விசேஷ நாட்களில் வெங்காயம்கூட உள்ளே வராது. சாப்பிடாததைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மையில் அது நாக்கின் பழக்கம், அவ்வளவே. ஆனால் நான் சாப்பிடுவதில்லை என்பதற்காக அது பட்டியலில் இருக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? எனக்கு வாசிக்கப் பிடிக்காத கவிஞர்கள் உண்டு. அவர்களை விட்டுவிட்டுத் தமிழ்க் கவிதைத் தொகுப்பு என்று பெயர் போட்டு எவராவது கொண்டுவந்தால், அது மோசடி என்று நானே எழுதுவேன். 'என் வீட்டுச் சாப்பாடு' என்று பலகை மாட்டினால் என் நாக்குப்படி நடத்தலாம். ஊரின் பெயரில் நடத்தினால் ஊர் முழுவதும் அங்கே இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இந்தச் சங்கடத்தை வேறு மாதிரித் தீர்த்திருக்கிறார்கள். தெருவில் விற்றுக்கொண்டிருந்தவர்களை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்து கடைத்தொகுதிகளாக்கினார்கள். சீனர் பன்றி வறுவல் ஒரு பக்கம், மலாய்க்காரர் ஹலால் சோறு ஒரு பக்கம், நம்மவர் இட்லி தோசை ஒரு பக்கம். பல இடங்களில் எச்சில் தட்டு வைக்கிற அடுக்குக்கூட ஹலாலுக்குத் தனி. ஆனால் மேஜை ஒன்றுதான். அவரவர் தட்டோடு வந்து ஒரே மேஜையில் உட்காருகிறார்கள். இந்தப் பழக்கத்தையே 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் கலாசாரப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அங்கே இது மூன்று நாள் விழா அல்ல, தினசரிச் சாப்பாடு.

நம்மூர் விழாக்களும் மாறாமல் இல்லை. 2024 டிசம்பரில் மெரினா கடற்கரையில் நடந்த உணவுத் திருவிழாவில், பல மாவட்டங்களிலிருந்தும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் தாங்களே வந்து சமைத்து விற்றார்கள். ஹோட்டல் முதலாளிகளின் பலகைக்குப் பின்னால் மறைந்திருந்த கைகள் முன்னால் வந்தது எனக்குத் திருப்தியாக இருந்தது. திரிந்த பாலுக்கு என்னிடம் நேருக்கு நேர் பதில் சொன்ன சொதிக்கார அம்மாளைப் போன்றவர்கள் அவர்கள். சாப்பிடுகிறவனும் சமைக்கிறவளும் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டால் அந்த விழா பாதி ஜெயித்த மாதிரி.

2022-க்கே திரும்பி வருகிறேன். அன்று ராத்திரியே மருமகன் என்னை ரயிலேற்றிவிட்டான். ஊர் வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். செப்டம்பரில் எங்கள் தென்காசி மாவட்டத்தின் பெயர் இந்தியா பூராவும் அடிபட்டது. சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளம் என்ற கிராமத்தில், பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்க வந்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளிடம், உங்கள் தெருக்காரர்களுக்கு இனி எதுவும் விற்கக்கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். சொன்னதை அவர்களே படம் பிடித்து வெளியே விட்டார்கள். போலீஸ் வந்தது, கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். படத்தில் அந்தப் பிள்ளைகள் சண்டை போடவில்லை, அழவில்லை. கட்டுப்பாடு என்றால் என்ன என்று புரியாத முகத்தோடு கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

அன்று காலை மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். நண்பர் கமிஷன் கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். தராசுக்குப் பக்கத்தில் பத்திரிகை விரித்தபடி கிடந்தது.

"அண்ணாச்சி, மெட்ராஸ்ல போய்ச் சாப்பிட்டு வந்தியள்லா? அங்க எவனாவது எந்தத் தெருன்னு கேட்டானா?"

"கேக்கலை."

"ஒருத்தன்கூடவா?"

"ஒருத்தன்கூட."

அவர் தராசில் இரண்டு வெங்காயத்தை எடுத்துப் பார்த்தார், மறுபடியும் போட்டார். "சரி, அந்தச் சொதி எப்படி இருந்துச்சுன்னு சொல்லவே இல்லையே?" என்று கேட்டார்.